பழைய மெட்டும் புதிய பாட்டும்: இசை கேட்போர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கும், இன்னும் கட்டாத மூவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை பாளையங்கோட்டையில் நமது வட்டம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் இந்த அறிக்கையில் வைக்கிறேன். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மாலை என்று பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். பதினொன்றுதான் நடந்தன. டிசம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்த வாரம், வாசலைத் தாண்டவே ஆளில்லை.

ஆண்டு முழுக்க ஒரே பொருளை எடுத்துக்கொண்டது இதுதான் முதல் முறை. அது எப்படி வந்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் நமது இளைய உறுப்பினர் ஒருவர் பழைய கும்மி மெட்டில் தானே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடினார். டவுன் பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றிய பாட்டு. கைதட்டல் ஓயுமுன் சண்டை தொடங்கிவிட்டது. "நாட்டார் பாட்டுன்னா யார் எழுதினதுன்னே தெரியக்கூடாது. நேத்து ராத்திரி எழுதினதை எப்படிவே அந்தக் கணக்குல சேர்ப்பீரு?" என்று ஒரு பக்கம். "எல்லாப் பாட்டும் ஏதோ ஒரு ராத்திரி எழுதினதுதானே அண்ணாச்சி" என்று மறுபக்கம். நான் முதல் பக்கத்தில் இருந்தேன். அதை மறைப்பதற்கில்லை, நடவடிக்கைக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

இதே சண்டையை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் நடுவில் முப்பது ஆண்டுகள் போட்டார்கள், நாட்டார் இசை மறுமலர்ச்சி என்று அதற்குப் பெயர், அதை ஓராண்டு கேட்போம் என்றார் தலைவர். நம்மூர்ப் பாட்டை எடுத்தால் பேச்சு சாதிக்கும் கோயிலுக்கும் போய்விடும், தூரத்துப் பாட்டென்றால் சண்டை இசையோடு நிற்கும் என்பது அவர் கணக்கு. பாதி பலித்தது.

ஏப்ரலில் அடிப்படைப் பாடம். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் 305 ஆங்கில, ஸ்காட்டிஷ் கதைப்பாடல்கள் உள்ளன. கடைசிப் பகுதி வருமுன்பே, 1896-இல், அவர் இறந்துவிட்டார். இன்றும் பாடகர்கள் ஒரு பாட்டைச் சொல்லும்போது 'சைல்டு 12', 'சைல்டு 81' என்று எண்ணைத்தான் சொல்கிறார்கள், நாம் குறள் எண் சொல்வதுபோல. சைல்டு பெரும்பாலும் ஏடுகளிலும் கடிதங்களிலும் தேடியவர். அவரிடம் சொற்கள் நிறைய, மெட்டுகள் சொற்பம். மெட்டைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் செசில் ஷார்ப். 1903-இல் சாமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுப் பித்துப் பிடித்தவர், 1916 முதல் 1918 வரை மாட் கார்பெலிஸ் என்ற இளம்பெண்ணோடு அமெரிக்காவின் அப்பலேச்சியன் மலைகளில் மொத்தம் 46 வாரங்கள் அலைந்து 1,600-க்கும் மேற்பட்ட மெட்டுகளை எழுதிக்கொண்டு வந்தார். கடல் கடந்து போன குடும்பங்களிடம் சைல்டு பாட்டுகள் உயிரோடு இருந்தன. ஆனால் அதே மலையில் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியை வைத்துக்கொண்டு பாடியவர்களையும், கறுப்பினப் பாடகர்களையும், புதிதாகப் பாட்டுக் கட்டியவர்களையும் அவர் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பழசு வேண்டும் என்று போனவருக்குப் பழசு கிடைத்தது. இதை அன்று நான் குறையாக எண்ணவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மே மாதம் ஹாரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் இசைத்தட்டு நிறுவனம் 1952-இல் வெளியிட்ட அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பைக் கேட்டோம். 84 பதிவுகள். எல்லாம் 1920-களின் பின்பாதியிலும் 30-களின் தொடக்கத்திலும் கடைகளில் விற்ற சாதாரணத் தட்டுகள். நான் கவனிக்கத் தவறிய ஒன்றை நமது நூலகர் அக்கா சொன்னார். அதில் கதைப்பாடல் பகுதி சைல்டு பாட்டுகளில் தொடங்கி, நிறுத்தாமல் அப்படியே அமெரிக்கச் சம்பவங்களுக்குள் நுழைகிறது. ஸ்காட்லாந்துப் பிரபுவின் கொலை முடிந்த கொஞ்ச நேரத்தில் ஜனாதிபதி மெக்கின்லியின் கொலை வருகிறது. பேய்க் காதலனோடு கப்பலேறிய தச்சன் மனைவி வந்துபோன பின் டைட்டானிக் மூழ்குகிறது. பருத்திக் காய்ப்புழுவுக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. எது 'உண்மையான' கதைப்பாடல், எது பத்திரிகைச் செய்தி என்று ஸ்மித் கோடு போடவில்லை. பாடியவர் கறுப்பரா வெள்ளையரா என்றும் போடவில்லை. அந்தத் தட்டுகளில் பாடியிருந்த மிசிசிப்பி ஜான் ஹர்ட் இறந்துபோனார் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அவர் பாடிய ஊர்ப் பெயரை வைத்தே 1963-இல் அவலான் என்ற சிற்றூரில் அவரைக் கண்டுபிடித்து, அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஏற்றினார்கள்.

இந்த இடத்தில் ஒரு வருத்தம். மே மாதத்தோடு நமக்கு இலவசமாகக் கிடைத்துவந்த கூட்ட அறை போயிற்று. சத்தம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அன்று ஒலித்தது ஒற்றைக் குரலும் ஒரு பிடிலும்தான். எங்கே, யார் என்று எழுத வேண்டாம் எனச் செயற்குழு முடிவு. ஜூனிலிருந்து மாதம் 700 ரூபாய் வாடகையில் மாடி அறை ஒன்றில் கூடுகிறோம். படி செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

ஜூன் கூட்டத்துக்குத்தான் ஆண்டிலேயே அதிகமாக 27 பேர் வந்தார்கள். சைல்டு 12, 'லார்டு ராண்டல்'. எங்கே போயிருந்தாய் மகனே என்று தாய் கேட்கிறாள். காட்டுக்குப் போயிருந்தேன், களைத்துவிட்டேன், பாயைப் போடு என்கிறான். அங்கே யாரைப் பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, காதலி கொடுத்த விலாங்குமீனில் விஷம் என்பது நமக்குத் துளித்துளியாகப் புரிகிறது. அப்புறம் சொத்து யாருக்கு என்று ஒரு சுற்று. கதையை யாரும் சொல்வதில்லை. கேள்வியும் பதிலுமே கதை. ஒரே அச்சில் வரும் கண்ணிகளில் ஒரு சொல் மட்டும் மாறும். நமது ஒப்பாரியிலும் ஏற்றப் பாட்டிலும் காது பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, நிறுத்தாமல், அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1962-இல் எழுதிய 'எ ஹார்டு ரெயின்ஸ் எ-கான்னா ஃபால்' என்ற பாட்டைப் போட்டோம். முதல் அடியிலேயே அறை சிரித்துவிட்டது. அதே தாய், அதே மகன், அதே கேள்வி. ஆனால் இந்த மகன் ஒரு காதலியின் வீட்டுக்குப் போய்வந்தவன் அல்ல. ஒரு உலகத்தையே நடந்து பார்த்துவிட்டு வந்து நிற்கிறான். மூன்றாம் கண்ணியில் சிரிப்பு நின்றுவிட்டது. பழைய பாட்டில் கேள்விகள் சாவில் முடியும். இதில் கடைசிக் கேள்வி, இனி என்ன செய்யப்போகிறாய் என்பது. பழைய அச்சை வாங்கி, கடைசிக் கேள்வியை மட்டும் மாற்றிப் போட்டது எவ்வளவு பெரிய வேலை என்று தமிழாசிரியை உறுப்பினர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது எழுதிய பாட்டு என்று எல்லா இடத்திலும் படிக்கிறோம். அது தவறு. நெருக்கடி அக்டோபரில் வந்தது. பாட்டை அவர் செப்டம்பரிலேயே நியூயார்க் கார்னகி அரங்கில் பாடிவிட்டார். வரப்போவதைப் பாட்டு முந்திக்கொண்டது. சுற்றறிக்கையில் நானும் தவறாகத்தான் எழுதியிருந்தேன். திருத்திக்கொள்ளவும்.

அன்றிலிருந்து என் கட்சி ஆட்டம் கண்டது.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு கூட்டங்களும் தொழிலாளர் பாட்டுக்குப் போயின. அவசியத்தில் பிறந்த பாட்டுக்குப் புது மெட்டு போட நேரம் கிடையாது என்பதுதான் அங்கே பிடிபட்ட விஷயம். 1931-இல் கென்டக்கியின் ஹார்லன் மாவட்டத்தில் நிலக்கரித் தொழிலாளர் போராட்டம். சங்கத்துக்காரரான கணவரைத் தேடி ஷெரீபின் ஆட்கள் வீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டை எழுதினார். மெட்டு பழையது. ஒரு தேவாலயப் பாட்டு என்பார்கள், 'ஜாக் மன்றோ' என்ற கதைப்பாடல் என்பார்கள். எதுவானாலும் அண்டை வீட்டுக்காரிக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டு. அதனால் மறுநாளே பாட முடிந்தது. அவருக்கும் இருபது ஆண்டு முன்னால் ஜோ ஹில் என்ற தொழிலாளி பக்திப் பாடல் மெட்டுகளில் கிண்டல் பாட்டு கட்டித் தன் தொழிற்சங்கத்தின் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தில் போட்டார். தெருவில் விற்ற நம்மூர்க் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களின் தலைப்பில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சடித்திருப்பார்களே, அதே வேலைதான். 1962-இல் நியூயார்க்கில் புதுப் பாட்டுகளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியபோது, பழைய தெருப்பாட்டுத் தாளின் பெயரையே எடுத்து 'பிராட்சைடு' என்று வைத்தார்கள்.

அமெரிக்கப் பாட்டுக்காரர் வுடி கத்ரிக்கு ஒரு கூட்டம் போதவில்லை. 1940-இல் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' பாட்டின் மெட்டு கார்ட்டர் குடும்பத்தார் பாடிய ஒரு பக்திப் பாட்டினுடையது. அந்தக் குடும்பத்து ஏ. பி. கார்ட்டரோ மலைமலையாக ஏறி ஊரார் பாட்டுகளைக் கேட்டு வந்து தன் பெயரில் உரிமை பதிந்தவர். ஆக, யார் யாரிடம் திருடினார் என்று கேட்கத் தொடங்கினால் பதில் மலைக்கு மேல் போய்விடும். அமெரிக்கப் பாடகர் பீட் சீகரும் அப்படித்தான். பூக்களெல்லாம் எங்கே போயின என்ற அவரது 1955-ஆம் ஆண்டுப் பாட்டுக்கு விதை, ரஷ்ய எழுத்தாளர் ஷோலகோவின் டான் நதி நாவலில் வரும் ஒரு கோசாக் தாலாட்டு. சீகர் எழுதியது மூன்று கண்ணிதான். பின்னர் ஜோ ஹிக்கர்சன் சேர்த்த கண்ணிகள் பாட்டை வளைத்துத் தொடக்கத்திலேயே கொண்டுவந்து விட்டன. இன்று அதைக் கேட்கும் யாரும் நூறு ஆண்டுப் பழைய பாட்டென்றுதான் சொல்வார்கள்.

'வீ ஷல் ஓவர்கம்' பாட்டைப் போட்டபோது எல்லாரும் கூடவே பாடினோம், இந்தியில். பள்ளியில் 'ஹோங்கே காமியாப்' பாடாதவர் அறையில் நாலைந்து பேர்தான். பழைய தேவாலயப் பாட்டு ஒன்று 1945-இல் சார்ல்ஸ்டனில் வேலைநிறுத்தம் செய்த புகையிலை ஆலைப் பெண்கள் வாயில் போராட்டப் பாட்டாகி, டென்னசியில் ஹைலேண்டர் என்ற தொழிலாளர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தது. அங்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஜில்ஃபியா ஹார்ட்டனிடமிருந்து சீகருக்குப் போனது. 1960-இல் கை காரவன் என்ற பாடகர் அதை மாணவர் போராட்டக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் கிரிஜா குமார் மாத்தூரின் இந்தி வழியாக நமது பள்ளி இறைவணக்கத்துக்கு. இதில் எந்தப் படியில் அது நாட்டார் பாட்டு, எந்தப் படியில் புதுப் பாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்டவர் டவுன் பஸ் பாட்டு எழுதிய அந்த இளைஞர்தான்.

செப்டம்பர் கூட்டம் சிக்கலானது. 'ஸ்கார்பரோ சந்தை' என்ற பாட்டின் வம்சாவளியைப் பலகையில் எழுதிப் பார்த்தோம். வேர், சைல்டு 2. தையல் இல்லாமல் சட்டை தைத்துத் தா என்பது போன்ற முடியாத வேலைகளைக் காதலிக்குச் சொல்லும் பாட்டு. 1947-இல் மிடில்டன்-இன்-டீஸ்டேல் என்ற ஊரில் மார்க் ஆண்டர்சன் என்ற ஓய்வுபெற்ற ஈயச் சுரங்கத் தொழிலாளியிடம் இவான் மக்கால் என்ற பாடகர் இதைக் கேட்டு எழுதிக்கொண்டார். அதிலிருந்து லண்டன் பாடகர் மார்ட்டின் கார்த்திக்கு வந்து, அவருடைய கிடார் நடையில் புது உருவெடுத்தது. (கார்த்தி என்றதும் நம்மில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் நம்மவர் அல்ல.) 1962 கடைசியில் லண்டன் வந்த டிலன், கார்த்தியிடம் கேட்டதை வைத்து 'கேர்ள் ஃபிரம் தி நார்த் கன்ட்ரி' எழுதினார். அடுத்து வந்த அமெரிக்கப் பாடகர் பால் சைமன் அதைத் தன் பழைய போரெதிர்ப்புப் பாட்டு ஒன்றின் வரிகளோடு பின்னி, 1966-இல் தன் கூட்டாளி கார்ஃபங்கலோடு பாடினார். தட்டில் கார்த்தி பெயரும் இல்லை, மரபுப் பாடல் என்ற குறிப்பும் இல்லை. கார்த்திக்குப் பல ஆண்டு மனவருத்தம். 2000-இல் லண்டன் மேடையில் சைமன் அவரை அழைத்து இருவரும் சேர்ந்து பாடியதில்தான் தீர்ந்தது.

கார்த்தி பக்கம் பேசியவர்கள் அதிகம். கடைசியில் பொருளாளர் எழுந்து, "சைமன் கார்த்தி பேரைப் போடலேன்னு இவ்வளவு பேசுதோம், ஈயச் சுரங்கத்துக்காரர் பேரை யார் போட்டா?" என்றார். பொருளாளர்கள் இப்படித்தான்.

அக்டோபரில் இதன் மறுபுறம். புதுப் பாட்டைப் பழசுபோலச் செய்வது ஒரு வகை என்றால், பழைய பாட்டைக் கைவைத்துப் புதுசாக்கிவிட்டுச் சொல்லாமல் இருப்பது இன்னொரு வகை. இங்கிலாந்தின் ஏ. எல். லாயிடு நாட்டார் பாட்டில் பெரிய அறிஞர். 1959-இல் இசையமைப்பாளர் வாகன் வில்லியம்சோடு சேர்ந்து அவர் தொகுத்த பெங்குவின் நாட்டார் பாட்டுப் புத்தகம் பல பாடகர்களுக்கு வேதம். ஆனால் அவர் கை சும்மா இருக்காது. பழைய அச்சுத் தாள்களில் 'ரெய்னார்டின்' என்பவன் மலையில் ஒளிந்திருக்கும் வெறும் கொள்ளையன். லாயிடு பாடிக்கொடுத்த வடிவில் அவன் மேல் நரி வாடை வீசுகிறது, பல் மின்னுகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் தோண்டிக் காட்டும்வரை எல்லாரும் அதை ஆதிகாலத்து மர்மம் என்றே பாடினார்கள். பாட்டு நன்றாகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. கென்டக்கிப் பாடகி ஜீன் ரிட்சி இதற்கு நேர்மாறு. சைல்டு பாட்டுகளைக் குடும்பச் சொத்தாகப் பெற்றவர், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. மலையைச் சுரண்டும் நிலக்கரி வேலையைப் பற்றிப் புதுப் பாட்டு எழுதியபோது, சிலவற்றைத் தன் தாத்தாவின் பெயரால் 'தான் ஹால்' என்று வெளியிட்டார். லாயிடு தன் சொற்களை மரபின் பெயரில் எழுதினார், இவர் தன் பாட்டைத் தாத்தா பெயரில் எழுதினார். எது குற்றம், எது மரியாதை என்று ஒரு மணி நேரம் பேசியும் தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

நவம்பர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நமது வட்டத்தில் இந்த ஆண்டு நடந்ததில் எனக்கு முக்கியமாகப்படுவது அதுதான்.

1957 பிப்ரவரி 9. பக்ஸ்டனிலிருந்து வாரிங்டன் நோக்கி ஒரு சரக்கு ரயில். டிரைவர் ஜான் ஆக்சன், ஸ்டாக்போர்ட்காரர். ஏற்றத்தின் உச்சியை நெருங்கும்போது டிரைவரின் பிரேக்குக்குப் போகும் நீராவிக் குழாய் உடைந்து, கொதிநீராவி எஞ்சின் அறைக்குள் பீய்ச்சுகிறது. பிரேக் போயிற்று, எஞ்சினுக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை அடைய முடியவில்லை. ஃபயர்மேனைக் குதித்து வேகன் பிரேக்குகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஆக்சன் மட்டும் வெளிப்படியில் தொற்றிக்கொண்டே சரிவில் இறங்குகிறார். வழியில் சிக்னல்காரருக்குக் கையசைத்து எச்சரிக்கிறார். சாப்பல்-என்-லெ-ஃபிரித் நிலையத்தில் முன்னால் போன சரக்கு ரயிலில் மோதி இறந்துபோகிறார். அந்த ரயிலின் கார்டும் இறந்தார். ஆக்சனுக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது கொடுத்தார்கள்.

இதை வைத்து ஒரு நிகழ்ச்சி செய்ய பிபிசி வானொலித் தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர் இவான் மக்காலை அழைத்தார். நடிகர்களை வைத்துச் செய்வதுதான் வழக்கம். இருவரும் டேப் ரிக்கார்டரோடு போய் ஆக்சனின் மனைவியையும் எஞ்சின் ஷெட்டுக்காரர்களையும் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்துவிட்டு வந்து கேட்டார்கள். இந்தப் பேச்சை எந்த நடிகரும் பேச முடியாது என்று தெரிந்தது. அதனால் உண்மைக் குரல்களையே விட்டு, இடையிடையே மக்கால் பழைய கதைப்பாடல் நடையில் எழுதிய புதுப் பாட்டுகளைக் கோத்தார்கள். இசை, பாடகி பெக்கி சீகர். 1958 ஜூலை 2 அன்று ஒலிபரப்பு. ரேடியோ கதைப்பாடல்கள் என்று பெயர் பெற்று, 1964 வரை இப்படி எட்டு வந்தன.

நமது மூத்த உறுப்பினர் ஒருவர் ரயில்வேயில் டிரைவராக ஓய்வு பெற்றவர். கரி எஞ்சின் காலத்தில் செங்கோட்டை மலைப்பாதையில் ஃபயர்மேனாக இருந்தவர். கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து டீ வரும் நேரத்தை எதிர்பார்ப்பவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்று குழாய் உடையும் இடம் வந்ததும் "நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். பலகைக்குப் போய்ச் சாக்பீஸ் எடுத்து எஞ்சின் அறையை வரைந்தார். ரெகுலேட்டர் எங்கே, பிரேக் வால்வு எங்கே, ஆள் நிற்க எத்தனை அடி இடம், நீராவி வந்தால் கை ஏன் உள்ளே நீளாது. கைப்பிரேக் மட்டும் உள்ள வேகன்களை ஓடும்போது ஒவ்வொன்றாகப் பிடிப்பது என்றால் என்ன. ஆரியங்காவிலிருந்து தென்மலைக்கு இறங்கும்போது பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார்களாம், "பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாக்கிற மாதிரி." அவர் குதித்திருக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். "குதிக்கலாம். கீழ ஸ்டேஷன்ல ஆள் இருக்கும்லா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடி போட்டோம். பாட்டு வரும்போது அவர் தலையாட்டவில்லை. ஷெட்டுக்காரர்கள் பேசும்போதுதான் ஆட்டினார், மொழி பாதி புரியாமலேயே. முடிந்ததும், பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாட்டு பரவாயில்ல. ஆனா அந்த ஆளுக பேசுறதே பாட்டாத்தானே இருக்கு" என்றார். மக்காலும் பார்க்கரும் நாற்பது மணி நேரப் பதிவிலிருந்து கண்டுபிடித்ததை இவர் ஒரே மாலையில் சொல்லிவிட்டார் என்று அன்றைய குறிப்பேட்டில் எழுதினேன். இப்போதும் மாற்ற விரும்பவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஹெர்ரிங் மீன்பாட்டு. நார்ஃபோக் கரையில் சாம் லார்னர் என்ற முதிய மீனவரின் பேச்சிலிருந்து சொல் சொல்லாக எடுத்து, 1960-இல் அந்த வரிசையின் இன்னொரு நிகழ்ச்சிக்காக மக்கால் கட்டியது. சில ஆண்டுகளிலேயே அயர்லாந்தில் அதை யார் எழுதியது என்று தெரியாமல் மரபுப் பாட்டாகப் பாடத் தொடங்கிவிட்டார்கள். 'ஹெர்ரிங் கூட்டங்கள்' என்பது காதில் திரிந்து 'எரின் கரைகள்' ஆகிவிட்டது. மக்கால் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டாராம். என் பழைய கட்சிப்படி, பெயர் தொலைந்த அந்தக் கணத்தில்தான் அது நாட்டார் பாட்டாகியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின நாள் அதில் என்ன குறை இருந்தது?

அதே மக்கால் நடத்திய பாடகர் மன்றத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது. அவரவர் வளர்ந்த மொழியின், மண்ணின் பாட்டைத்தான் மேடையில் பாடலாம். லண்டன்காரர் அமெரிக்கத் தண்டவாளப் பாட்டை அமெரிக்கக் குரலில் பாடக்கூடாது. சால்ஃபோர்டில் ஜிம்மி மில்லராகப் பிறந்து, பெற்றோரின் ஸ்காட்லாந்தை நினைத்துத் தன் பெயரையே மாற்றிக்கொண்டவர் போட்ட சட்டம் இது. ஜனவரி கூட்டத்தில் நமக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று தீர்மானம் வந்தது. அப்படியென்றால் இந்த ஆண்டு முழுக்க நாம் கேட்டதே விதிமீறல் என்று சுட்டிக்காட்டியதும் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்தக் கண்டிப்பால்தான் ஆங்கிலேயப் பாடகர்கள் தங்கள் ஊர்ப் பாட்டைத் தேடிப் போனார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

பிப்ரவரியில் மின்சார கிடார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் வேன் 1969 மே மாதம் விபத்துக்குள்ளாகி டிரம் வாசித்த இளைஞர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார். மீதிப் பேர் ஹாம்ப்ஷயரில் ஒரு பழைய வீட்டில் அடைந்து கிடந்து உருவாக்கிய இசைத்தட்டு 'லீஜ் அண்டு லீஃப்', அதே ஆண்டு டிசம்பரில் வெளியானது. எட்டு உருப்படிகளில் மூன்று புதியவை. சைல்டு 39-உம் 81-உம் டிரம்மோடு வருகின்றன. லாயிடின் ரெய்னார்டினும் அதில் உண்டு. 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' பாட்டுக்குக் குழுவின் கிடார்காரர் ரிச்சர்டு தாம்ப்சன் புதுச் சொல் எழுதி, சைல்டு 100 பாட்டின் மெட்டில் வைத்தார். அந்த மெட்டே அந்தப் பாட்டினுடையது அல்ல, ஆண்டி இர்வைன் என்ற பாடகர் புத்தகத்தில் தேடும்போது எண் மாறி வேறொரு பாட்டின் மெட்டைப் பொருத்திவிட்டார் என்று ஒரு கதை உண்டு. விபத்துக்குப் பின் எழுதிய பிரிவுப் பாட்டு, தவறிப் பொருந்திய மெட்டில். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதுதான் நமது ரிக்கார்டு பிளேயரின் ஊசி முறிந்தது. மிச்சத்தை ஒருவர் கைபேசியில் கேட்டோம்.

மார்ச்சில் நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைத்தோம். லார்டு ராண்டலைப் புலவருக்குப் போட்டுக் காட்டி, கதையைத் தமிழில் சொன்னோம். "நம்மகிட்டயும் பின்பாட்டுக்காரன் கேட்டாத்தான புலவன் சொல்வான். கேக்க ஆளில்லன்னா கதை ஏது?" என்றார். முத்துப்பட்டன் கதையில் ஒரு பகுதி பாடினார்கள். அப்புறம் நாங்கள் கேட்காமலேயே அதே நடையில் வெள்ளத்தைப் பற்றி, அந்த டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி, கால் மணி நேரம். எப்போது எழுதினீர்கள் என்றேன். "எழுதல. வேன்ல வரும்போது பேசிக்கிட்டோம்." கொத்தமங்கலம் சுப்பு காந்தி கதையை வில்லில் ஏற்றியதை நினைவூட்டி, இது நமக்கும் புதிதல்ல என்றார் தலைவர். முதல் கட்சியில் மிச்சமிருந்த இருவர் அன்று எதுவும் பேசவில்லை. சம்மதமா, பசியா என்று தெரியவில்லை.

கணக்கு. தொடக்க இருப்பு ரூ. 2,350. சந்தா 28 பேர், ஆளுக்கு ரூ. 600, ஆக ரூ. 16,800. நன்கொடை ரூ. 4,000. மொத்த வரவு ரூ. 23,150. செலவில் அறை வாடகை ஒன்பது கூட்டத்துக்கு ரூ. 6,300, டீயும் சுண்டலும் ரூ. 6,430, ஊசியும் ஆம்பிளிஃபயர் பழுதும் ரூ. 3,200, பாட்டுத் தாள் நகல் ரூ. 1,870, வில்லுப்பாட்டுக் குழுவின் வேன் செலவு ரூ. 2,500. ஆக ரூ. 20,300. கையிருப்பு ரூ. 2,850. சுண்டலுக்கு வாடகையைவிட அதிகம் ஆகிறதே என்று தணிக்கையாளர் குறிப்பு எழுதியிருக்கிறார். அவரும் சாப்பிட்டார் என்பதைப் பதிவு செய்கிறேன். வில்லுப்பாட்டுக் குழு சன்மானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அது சரியல்ல, அடுத்த ஆண்டு முதல் வரும் கலைஞர்களுக்கு முன்கூட்டியே தொகை ஒதுக்க வேண்டும்.

குறைகள். பெண் உறுப்பினர்கள் ஒன்பது பேர்தான். மாலை ஆறரை மணி அவர்களுக்கு ஒத்துவரவில்லை என்று மூன்று முறை சொல்லியும் நேரத்தை மாற்றவில்லை. அது என் தவறு. ஸ்காட்லாந்துப் பாடகி ஜீனி ராபர்ட்சனுக்கு ஒதுக்கிய டிசம்பர் கூட்டம் வெள்ளத்தில் போன பிறகு வேறு நாளில் வைக்கவே இல்லை. சைல்டு 13-ஐ அவர் பாடியதைக் கேட்காமல் இந்த ஆண்டை முடித்தது பெரிய குறை.

அடுத்த ஆண்டுக்குச் செயற்குழு வைக்கும் யோசனை இது: ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு பழைய பாட்டும், அதே மெட்டிலோ அதே அச்சிலோ உறுப்பினர் யாராவது எழுதிய ஒரு புதுப் பாட்டும் இருக்க வேண்டும். எழுதியவர் பெயரும், மெட்டு யாரிடம் கேட்டது என்பதும் பலகையில் எழுதப்பட வேண்டும். இரண்டாவது வரியைச் சேர்க்கச் சொன்னவர் பொருளாளர். முன்மொழிந்தவன் நான். சென்ற ஆண்டுக் குறிப்பேட்டை யாரும் எடுத்துவந்து காட்ட வேண்டாம்.

மாடி அறைச் சாவியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும், தன் இசைத்தட்டுகளைப் பயமில்லாமல் நம்மிடம் கொடுத்த உறுப்பினருக்கும், மழையில் நாற்காலி சுமந்த பையன்களுக்கும் நன்றி. அடுத்த கூட்டம் ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு, மாலை ஐந்து மணி. நேரம் மாறியிருக்கிறது, கவனிக்கவும். முதல் உருப்படி ஜீனி ராபர்ட்சன். இரண்டாவது, டவுன் பஸ் பாட்டு, திருத்திய வடிவம்.

இப்படிக்கு,
செயலாளர்